"இங்கே" என்று தொடங்கும் கற்கள்

எங்கள் வீட்டில் எழுத்தைக் காலால் மிதிக்கக் கூடாது. கொப்பி தவறி விழுந்து கால் பட்டுவிட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். கடைக்காரர் பருப்புச் சுற்றிக் கொடுத்த பழைய பத்திரிகைத் துண்டானாலும் அதே விதிதான். நாங்கள் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; சரசுவதி பூசைக்குப் புத்தகம் வைக்கிறவர்கள் அல்லர். ஆனாலும் இந்த ஒன்றில் அம்மம்மா அயலிலிருந்த சைவக் குடும்பங்களைவிடக் கண்டிப்பானவர். 1990 ஆனியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி, சில மாதங்கள் அங்குமிங்கும் தங்கி, கடைசியாகக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறைக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. தமிழ் ஆராதனை நடக்கிறது என்று யாரோ சொல்ல, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வொல்வெண்டால் மேட்டில் ஏறினேன். வெளியிலிருந்து பார்க்கக் கோட்டையைப் போலிருந்த அந்தத் தேவாலயத்துக்குள் காலெடுத்து வைத்ததும் இருவரும் நின்றுவிட்டோம். தரையில் ஆள் நீளத்துக்கும் மேலான கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. கற்களின் மேல் வரிவரியாக எழுத்து.

எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எங்களைத் தாண்டி அந்தக் கற்களின் மேலேயே நடந்து போய்த் தத்தம் இருக்கைகளில் அமர்ந்தார்கள். அம்மம்மா சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலிருந்த ஒடுங்கிய வெளியில் காலை வைத்து வைத்து ஓரமாகப் போனார். நானும் அப்படியே போனேன். அதற்குப் பிறகு வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், திருமணமாகி, இப்போது நாற்பதுகளின் நடுவில் நிற்கும் வரையும் அந்த ஆலயத்துக்குள் நான் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறேன். இறந்தவர்மீதான மரியாதை அதற்குக் காரணமன்று. அங்கே கிடப்பவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. ஒல்லாந்தர் என்று சொன்னார்கள். ஒல்லாந்தரைப் பாடசாலைப் புத்தகத்தில் தேர்வுக்காகப் படித்ததோடு சரி. எழுத்து என்பதால் மட்டுமே விலகி நடந்தேன்.

சென்ற ஆண்டு வெள்ளவத்தையில் உறவினர் ஒருவரின் முப்பத்தோராம் நாள். சாப்பாடு முடிந்து பெரியவர்கள் கதிரைகளை வளைத்துப் போட்டு அமர்ந்திருந்தபோது, பழைய தேவாலயங்களின் பராமரிப்புப் பற்றிப் பேச்சு வந்தது. மழைக்காலத்தில் ஒழுகும் கூரையும் உப்புப் பூத்து உதிரும் சுவரும் பற்றிச் சொல்லி, கல்லறைக் கற்களைப் பாதுகாக்க என்னாலான சிறு தொகையைக் கொடுக்க நினைக்கிறேன் என்றேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பெறாமகன் அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். "பெரியம்மா, எங்களை அடக்கி ஆண்டவர்களின்ட கல்லறைக்கு நாங்கள் ஏன் காசு சேர்க்க வேணும்?" என்று கேட்டான். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே, குரலை உயர்த்தாமல் இன்னொன்றும் கேட்டான்: "எங்கட கல்லறைகளை யார் பார்த்தது?"

அந்த அறையில் இருந்த ஒருவரும் பேசவில்லை. இந்த நாட்டில் தமிழர்களின் கல்லறைகள் எத்தனை இடங்களில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கேட்டவன் கோபத்தில் கேட்கவில்லை. பதில் வேண்டித்தான் கேட்டான். நான் பதில் சொல்லாமல் எழும்பித் தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. இதை எழுதுவது அவனுக்காகவும்தான்.

ஓநாய் இல்லாத ஊரில் ஓநாய்ப் பள்ளத்தாக்கு

வொல்வெண்டால் என்றால் ஒல்லாந்த மொழியில் ஓநாய்களின் பள்ளத்தாக்கு. இலங்கையில் ஓநாய் கிடையாது. நகர மதிலுக்கு வெளியே பற்றையும் சதுப்புமாகக் கிடந்த இந்த மேட்டுப்பக்கத்தில் நரிகள் திரிந்திருக்கின்றன. அவற்றைத்தான் ஒல்லாந்தர் ஓநாய் என்றார்கள் என்பது ஒரு விளக்கம். இன்னொரு விளக்கம் எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும். இங்கே போர்த்துக்கேயர் காலத்தில் குவாடலூப்பே மாதாவுக்கு ஒரு கோயில் இருந்ததாகவும், அந்தப் பெயரைப் பின்னால் வந்தவர்கள் ஓநாயின் தண்ணீர் என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லாகப் பிழையாகக் கேட்டு, அதைத் தங்கள் மொழிக்கு மாற்றிக்கொண்டார்கள் என்றும் சொல்வார்கள். எது சரியானாலும், 1656இல் கொழும்பைக் கைப்பற்றியவர்கள் முந்தியவர்களின் பெயரையும் சேர்த்துத் தமதாக்கிக்கொண்டார்கள். இந்த மேட்டுக்கு அருகிலேயே உள்ள நீதிமன்றப் பகுதிக்கு, அந்த முற்றுகையில் உயிரிழந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்டின் பெயர் ஆவணங்களில் நிலைத்துவிட்டது. நாங்கள் அதைப் புதுக்கடை என்போம். கொழும்பில் ஒவ்வோர் இடத்துக்கும் இப்படி இரண்டு மூன்று பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

இப்போதுள்ள தேவாலயத்தை 1749இல் கட்டத் தொடங்கினார்கள். எட்டு ஆண்டுகள் எடுத்தது. 1757 மார்ச் 6ஆம் திகதி பிரதிட்டை நடந்தது. நான்கு கைகளும் ஒரே நீளமுள்ள சிலுவை வடிவம். சுவர்கள் ஏறத்தாழ ஐந்து அடிப் பருமன் கொண்டவை. யன்னல் விளிம்பில் ஒரு பிள்ளை படுத்துறங்கலாம், நான் உறங்கியும் இருக்கிறேன். கூரையின் உச்சியில் ஒரு காலத்தில் வாளும் ஏழு அம்புகளும் ஏந்திய பித்தளைச் சிங்கம் நின்றது; ஏழு அம்புகளும் ஒல்லாந்தின் ஏழு மாகாணங்கள். 1856இல் விழுந்த மின்னலில் அந்தப் பழைய கூரை சிதைந்தது. உயரத்தில் வைத்த அதிகாரச் சின்னம் போய்விட்டது. தரையில் கிடந்த கற்கள் கிடந்தபடியே இருக்கின்றன.

1813ஆம் ஆண்டின் ஊர்வலம்

பெறாமகனின் கேள்விக்குப் பிறகு நான் முதலில் செய்தது, அந்தக் கற்களில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டறிந்ததுதான். முப்பத்து நான்கு ஆண்டுகள் மிதிக்காமல் விலகி நடந்த எழுத்தை ஒருமுறைகூட வாசிக்க முயலவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தேசிய சுவடிக்கூடத்தில் ஒல்லாந்தர் காலத்து ஏடுகளோடு பல ஆண்டுகள் பழகிய தோழி ஒருத்தி ஒரு சனிக்கிழமை என்னோடு வந்தாள். குனிந்து, விரலை எழுத்தின்மேல் ஓட்டி, ஒரு கல்லின் முதற்சொல்லை வாசித்தாள்: "ஹியர்." அடுத்த கல்லிலும் அதே சொல். இன்னொன்றிலும் அதேதான். "இங்கே என்று அர்த்தம். இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார், இங்கே இளைப்பாறுகிறார், இப்படித்தான் தொடங்குவார்கள்" என்றாள். பிறகு நிமிர்ந்து, "ஆனால் எல்லாமே இங்கே இல்லை. இதில் பல கற்கள் கோட்டைக்குள்ளிருந்து வந்தவை" என்றாள்.

கோட்டைக்குள் ஒல்லாந்தருக்கு இன்னொரு பழைய தேவாலயம் இருந்தது. ஆளுநர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் உயர் அதிகாரிகளையும் அங்கேதான் புதைத்தார்கள். ஆலயத்துக்குள் தரைக்குக் கீழே இடம் பெறப் பதவியும் பணமும் வேண்டும். மற்றவர்களுக்கு வெளி முற்றத்து மண். 1796 பெப்ரவரியில் ஆளுநர் வான் அங்கல்பேக் கொழும்பை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். ஒப்படைத்தபின் அவர் ஊர் திரும்பவில்லை. இங்கேயே வாழ்ந்து 1799இல் கொழும்பிலேயே இறந்தார். கோட்டை முழுவதும் ஆங்கிலேயரின் ஆட்சி இருப்பிடமாகிவிட்டது. பழைய தேவாலயம் பாழடைந்தது. 1813இல் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்தவர்களின் எச்சங்களைத் தோண்டியெடுத்து, இரவில், தீப்பந்த வெளிச்சத்தில், ஊர்வலமாக வொல்வெண்டாலுக்குக் கொண்டுவந்து மீண்டும் அடக்கம் செய்தார்கள்.

அந்த இரவை நான் பலமுறை மனத்தில் பார்த்திருக்கிறேன். கோட்டை வாசலைக் கடந்து, புறக்கோட்டையின் தெருக்கள் வழியே, மேட்டை நோக்கிப் பந்தங்களின் வரிசை ஒன்று நகர்ந்து வருகிறது. பெட்டிகளைச் சுமந்தவர்களின் தோள்களை நினைக்கிறேன். ஆட்சியை இழந்து பதினேழு ஆண்டுகளான ஒரு சிறு சமூகம் தன் முன்னோரின் எலும்புகளைத் தூக்கிக்கொண்டு, தனக்கென்று மிஞ்சியிருக்கும் ஒரே மேட்டுக்கு ஏறி வருகிறது. ஆண்டவர்கள் என்று மட்டும் நான் அறிந்திருந்தவர்களை, இடம்பெயர்ந்தவர்களாக அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். இடம்பெயர்தல் என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

பழைய தேவாலயம் நின்ற இடம் பின்னர் கோர்டன் பூங்காவாகியது. இன்று அது சனாதிபதி மாளிகை வளாகத்துக்குள் அடங்கியிருக்கிறது. நீங்களும் நானும் நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாது. பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட ஒரு பழைய இடுகாடு என்று இதைச் சொன்னால் வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

கல் கிடைக்காதவர்கள்

பெறாமகனின் பக்கத்து நியாயத்தை நான் சுருக்கிவிடக் கூடாது. வொல்வெண்டால் தரையில் பெயர் உள்ளவர்கள் யார் என்று பார்த்தால் ஆளுநர், தளபதி, வணிகர், போதகர், அவர்களின் மனைவிமார், பிள்ளைகள். அதே கொழும்பில், பகல் முழுவதும் அவர்களின் வீடுகளிலும் வேலைத்தளங்களிலும் உழைத்த அடிமைகளை இரவில் ஏரிக்கரையோரம் ஒரு நிலத்துண்டில் அடைத்து வைத்தார்கள். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு அடிமைத் தீவு என்றே பெயர் நிலைத்தது. தமிழில் கொம்பனித்தெரு என்கிறோம், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் பெயரை. அங்கே இறந்தவர்களுக்கு "இங்கே" என்று தொடங்கும் கல் ஒன்றும் இல்லை.

தமிழருக்கும் சிங்களவருக்கும் கிடைத்தது கல் அன்று, ஏடு. தோம்பு, அதாவது பதிவேடு, என்ற சொல் யாழ்ப்பாணத்தில் இன்றும் காணி உறுதி பேசுகிறவர்களின் வாயில் இருக்கிறது. காணிக்கு ஒரு தோம்பு இருந்ததுபோல, பாடசாலைகளோடு சேர்ந்த தோம்புகளில் ஞானஸ்நானமும் திருமணமும் ஊரூராகப் பதியப்பட்டன. பதவி வேண்டுமென்றால் அந்த ஏட்டில் பெயர் இருக்க வேண்டும். ஆகவே மனத்தில் சைவமும் ஏட்டில் வேதமுமாக வாழ்ந்த தலைமுறைகள் எம்மிடம் உண்டு. ஒல்லாந்தக் கொம்பனியின் ஆவணங்கள், இலங்கையில் இருப்பவையும் சேர்த்து, 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. எங்கள் முன்னோர் பலரின் பெயர்கள் உலகின் கருவூலம் என்று ஏற்கப்பட்ட தாள்களில் இருக்கின்றன. இறந்த இடத்தில் ஒரு கல் இல்லை.

ஆனாலும் தமிழை விலக்கிவிட்டு அந்தத் திருச்சபையின் வரலாற்றைச் சொல்ல முடியாது. 1723இல் கொழும்பில் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ தமிழர். கொழும்பிலிருந்த ஒல்லாந்தச் செமினரியில் படித்துப் போதகரானவர். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் ஒல்லாந்தரின் அச்சகத்தில் அச்சாகியது. வொல்வெண்டால் பிரதிட்டையாகி இரண்டே ஆண்டுகளில் நடந்தது அது. அவர் 1790இல் யாழ்ப்பாணத்தில் இறந்தார். இந்த மேட்டின் அடிவாரத்தில், ஜிந்துப்பிட்டியில், 1815இல் எழுந்த புனித தோமையார் ஆலயமும் கொழும்புச் செட்டிகளின் தமிழ் வழிபாட்டுக்காகக் கட்டப்பட்டதே. ஆக, என் அம்மம்மாவும் நானும் 1990இல் அந்த வாசலில் நின்றபோது, அந்நியர் வீட்டு வாசலில் நிற்பதாக நினைத்தது எங்கள் அறியாமை.

கல் செதுக்கியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் இன்றும் இருக்கும் ஒல்லாந்தக் கல்லறைகளின் படங்களைத் தோழி காட்டினாள். குலச் சின்னங்களைச் சுற்றி ஓடும் கொடியும் பூவும் ஐரோப்பியக் கொடியும் பூவுமாக எனக்குத் தெரியவில்லை. நம் கோயில் தூண்களில் பார்த்துப் பழகிய வளைவுகள் அவற்றில் இருந்தன. சோழமண்டலக் கரையில் செதுக்கிய கல்லறைக் கற்கள் பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) வரைக்கும் கப்பலேறியிருக்கின்றன. அந்தச் சிற்பிக்கு ஒல்லாந்த மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. தாளில் எழுதிக் கொடுத்ததை எழுத்தெழுத்தாகப் பார்த்து உளியால் இறக்கியிருப்பான். வாசிக்கத் தெரியாத "இங்கே"யைக் கல்லில் வெட்டிய அந்தக் கைக்கும் கல்லில் பெயரில்லை.

எங்கள் ஊர்க் கல்

இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்ட பின்னரும் பெறாமகனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் உருவாகவில்லை. அவனுடைய இரண்டாவது கேள்விதான் உறுத்தியது. அதற்குப் பதில் தேட நான் 2017க்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

1990இல் நாங்கள் விட்டு வந்த ஊர் இருபத்தேழு ஆண்டுகள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. எங்கள் துண்டு விடுவிக்கப்பட்டதாகச் செய்தி வந்ததும் அம்மாவும் நானும் இரவுப் பேருந்தில் புறப்பட்டோம். அம்மம்மா அதற்கு முன்பே கொழும்பில் இறந்து, பொரளைக் கனத்தை மயானத்தில் அடக்கமாகியிருந்தார். வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. அதை எதிர்பார்த்துத்தான் போனோம், அதனால் அழுகை வரவில்லை. அம்மா வீட்டை விட்டு நேரே தேவாலயத்துப் பக்கம் நடந்தார். சுவர்கள் நின்றன, கூரை இல்லை. அதன் பின்புறத்து முற்றத்தில் அம்மப்பாவின் கல்லறை இருந்தது. அவர் பாடசாலை ஆசிரியர்; 1978இல் இறந்தார். கருங்கல்லில் அழகான தமிழ் எழுத்தில், அவருடைய மாணவர்கள் சேர்ந்து வெட்டுவித்த கல் அது. பிள்ளையாக நான் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் வாசகங்களில் ஒன்று அந்தக் கல்லிலிருந்தது: "இங்கே கர்த்தருக்குள் நித்திரையடைந்திருப்பவர்."

முற்றம் முழுவதும் நாயுண்ணிப் பற்றை. இரண்டு நாள் கூலிக்கு ஆள் பிடித்து வெட்டிப் பார்த்தோம். மேடு இல்லை, சிலுவை இல்லை, கல் இல்லை. செம்மண் சமதரையாகக் கிடந்தது. இரண்டாம் நாள் பிற்பகல், தண்ணீர் குடிப்பதற்காக அருகிலிருந்த கிணற்றடிக்குப் போனேன். கிணற்றுக் கட்டோடு சேர்த்துச் சாய்வாக ஒரு கல் போட்டிருந்தது. உடுப்புத் தோய்க்கிற கல். சவர்க்காரம் படிந்து வழவழத்திருந்தது. காலை அதில் ஊன்றி வாளியை இழுக்கப் போனவள், பாதத்தின் கீழே ஏதோ வரிவரியாக உறுத்தக் குனிந்து பார்த்தேன். மற்றவை தேய்ந்துவிட்டிருந்தன. முதற்சொல் மட்டும் தெளிவாக இருந்தது: "இங்கே".

நான் அதன்மேல் நின்றுகொண்டிருந்தேன். வாழ்நாள் முழுவதும் பேப்பர்த் துண்டைக்கூட மிதிக்காத நான், என் அம்மப்பாவின் பெயரின்மேல் இரண்டு கால்களாலும் நின்றுகொண்டிருந்தேன். அம்மாவைக் கூப்பிடக் குரல் வரவில்லை. யார் எடுத்துப் போட்டார்கள் என்று நாங்கள் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யாருக்குத் தெரிந்திருக்கப்போகிறது. தோய்க்க ஒரு கல் தேவைப்பட்ட யாரோ ஒருவருக்கு, வாசிக்கத் தெரியாத எழுத்துள்ள ஒரு கல் கிடைத்திருக்கிறது. என்னை வருத்தியது அதைவிட வேறொன்று. கல் கிணற்றடியில் கிடந்து "இங்கே" என்று சொல்லிக்கொண்டிருந்தது, இத்தனை ஆண்டுகளாக, உண்மையில்லாமல்.

நால்வர் சேர்ந்து கல்லைத் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுபோனோம். எங்கே வைப்பது? அம்மா கண்ணை மூடிச் சற்று நேரம் நின்றார். பிறகு ஆலயத்தின் கிழக்குச் சுவரில் முதுகு முட்ட நின்று, அங்கிருந்து அடியளந்து நடந்தார். பதினெட்டு அடி. ஊரைவிட்டு எழும்பும் வரை ஒவ்வோர் ஆண்டும் பூக் கொண்டுபோன கால்களின் ஞாபகம். நின்ற இடத்தில் குந்தி மண்ணைத் தொட்டு, "ஏறத்தாழ இங்கேதான்" என்றார். அந்த இடத்தில் கல்லை நட்டோம். பக்கத்துக் காணிக்குத் திரும்பி வந்திருந்த சைவக் குடும்பமொன்று, நாங்கள் கேளாமலே, வளவு துப்புரவு செய்யும்போது இந்த முற்றத்தையும் சேர்த்துச் செய்வதாகச் சொன்னது. இன்று வரையும் செய்கிறது. அம்மப்பாவின் பேரப்பிள்ளைகளில் என்னைத் தவிர எல்லோரும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். எனக்கும் ஆண்டுக்கொரு முறை போக முடிந்தால் பெரிது. எங்கள் கல்லறையைப் பார்ப்பது யார் என்றால், அந்த அயலவர்கள்தான். அவர்களுக்கும் அம்மப்பாவுக்கும் உறவுமில்லை, ஒரே மதமுமில்லை.

சனிக்கிழமை

வொல்வெண்டாலில் கிடப்பவர்களின் வழிவந்த பறங்கியரும் போய்விட்டார்கள். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பின்னர் குடும்பம் குடும்பமாக அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். எங்களைப் போலவே அவர்களும் கல்லறைகளை மடித்து எடுத்துக்கொண்டு போக முடியாதவர்கள். தங்கள் முன்னோரை ஒருமுறை பந்தம் பிடித்துச் சுமந்து வந்தவர்களுக்கு இரண்டாம் முறை சுமக்க இயலவில்லை. அன்று 1813இல் செய்ததன் முழு அர்த்தமும் எனக்கு ஊர்க் கிணற்றடியை நினைத்தபோதுதான் விளங்கியது. கல்லை மட்டும் பெயர்த்திருந்தால் எளிது. அவர்கள் எலும்பையும் கூடச் சுமந்து வந்தார்கள். அதனால்தான் கோட்டைக்காக வெட்டப்பட்ட "இங்கே" இந்த மேட்டிலும் உண்மையாக இருக்கிறது.

ஆலயத்தைத் துப்புரவு செய்யும் முதியவர் தமிழர். மலையகத்திலிருந்து சிறுவயதில் கொழும்புக்கு வந்தவர். சனிக்கிழமைகளில் தரையைத் துடைப்பார். எழுத்துப் பள்ளங்களில் தூசும் ஈரமும் சேர்ந்து இறுகிவிடும். அதற்கு மட்டும் துணி உதவாது. தென்னோலை ஈர்க்கை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி வைத்துக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு, ஒவ்வோர் எழுத்தாகக் கிளறி எடுப்பார். அமிலம் கலந்த திரவங்களைக் கிட்டவும் கொண்டுவர விடமாட்டார். கல் பூத்துப் போகும் என்பார். "எத்தனை வருஷமா செய்றீங்க ஐயா?" என்று கேட்டேன். கணக்கு வைக்கவில்லை என்றார். அந்த எழுத்தில் ஒன்றுகூட அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கல்லில் எந்த எழுத்தின் வால் உடைந்திருக்கிறது, எதன் வளைவில் தண்ணீர் தேங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்.

கடந்த மாதம் பெறாமகனை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். 1813ஐயும் ஊர்க் கிணற்றடியையும் அவனுக்குச் சொன்னேன். கிணற்றடியை அவன் அதற்குமுன் கேட்டதில்லை. நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. அவன் தன் கருத்தை விட்டுவிடவில்லை. கொம்பனித்தெருவில் இறந்தவர்களுக்கும் ஒரு கல் வேண்டும், அதை யாராவது கேட்டால்தான் இந்தக் கற்களைப் பார்ப்பதில் நியாயம் இருக்கும் என்றான். அவன் சொல்வது சரி. நான் அதையும் கேட்பேன். ஆனால் அந்தக் கல் நடப்படும் வரைக்கும் இந்தக் கற்களில் தூசு இறுகட்டும் என்று என்னால் இருக்க முடியாது. கல்லைத் தோய்க்கப் போட்டவரின் பக்கத்தில் என்னால் நிற்க முடியாது. அயல் வளவைச் சேர்த்துத் துப்புரவு செய்கிறவர்களின் பக்கத்தில்தான் நிற்க முடியும்.

அவன் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தான். முதியவர் கேளாமலே ஓர் ஈர்க்கை அவனிடம் நீட்டினார். நானும் ஒன்றை வாங்கிக்கொண்டு, முதன்முறையாக அந்தக் கல்லின்மேல் கால் வைத்து, நடுவில் போய் அமர்ந்தேன். கல் குளிர்ந்திருந்தது. முதல் எழுத்தின் பள்ளத்திலிருந்து கறுத்த தூள் சுருண்டு வந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. முதியவர் எட்டிப் பார்த்து, "இது யாருட பேரும்மா?" என்று கேட்டார்.

"பேரில்லை ஐயா," என்றான் பெறாமகன். "இங்கே என்று எழுதியிருக்கு."

அவர் தலையாட்டிவிட்டு, வாளித் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, அந்தச் சொல்லின்மேல் ஒருமுறை துடைத்தார்.